அளக்க வரும்வரை தண்ணீர் நிற்கட்டும்

அழுகின நெற்பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு எப்படி நிற்பது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்ட வேண்டும். கணுக்காலிலாவது சேறு இருக்க வேண்டும். வேரோடு பிடுங்கிய பயிரை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். ஒரு கையால் பிடித்தால் ஏதோ கீரைக்கட்டு விற்க வந்தவன் மாதிரி இருக்கும். சிரிக்கக் கூடாது. அழுதாலும் முகம் சரியாக விழாது. செல்லை நீட்டிக்கொண்டு நிற்கிற அதிகாரி, கொஞ்சம் தூக்கிப் பிடிங்க என்பார். தூக்கினால் கறுப்புத் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழியும். அந்த நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றைப் பிசையும்போது மூக்கில் ஏறும்.

வெள்ள நிவாரணம் என்பதற்கு எங்கள் ஊரில் கண்ணால் பார்க்கக்கூடிய உருவம் இதுதான். நானும் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன், அதுவும் கடன் வாங்கிய பயிரோடு. மறு வருஷம் என் மனைவியை நிற்க வைத்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெறுப்பு வருகிறது. அரசாங்கத்தின்மேல் பாதி, என்மேல் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முழு விவசாயி இல்லை. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலை. மண் கூழை அச்சில் ஊற்றி அகல் விளக்கும் பொம்மையும் எடுப்பது, காய்ந்ததைத் தேய்த்துச் சூளைக்கு அடுக்குவது. ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் வண்டியை எடுத்தால் இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு. நிலம் ஒன்றரை ஏக்கர். அது என் மனைவி பேரில் இருக்கிறது, அவள் அப்பா எழுதிக்கொடுத்தது. பட்டாவும் அவள், பாடும் அவள். நான் ஞாயிற்றுக்கிழமை வரப்பில் நின்று யோசனை சொல்கிற ஆள்.

விவசாயிக்கு அரசாங்கம் ஒன்றும் செய்வதில்லை என்று சொன்னால் அது பொய். நிறையச் செய்கிறது. நாலு மாதத்துக்கு ஒரு முறை வங்கியில் பணம் விழுகிறது. மானியத்தில் விதை உண்டு, தார்ப்பாய் உண்டு, மருந்தடிக்கிற கைத்தெளிப்பான் உண்டு, சிறு விவசாயிக்குச் சொட்டுநீர்க் குழாய் உண்டு. எங்கள் பக்கத்து வயல்காரர் எல்லாவற்றையும் வாங்கியவர். அவர் வீட்டுத் தார்ப்பாய் மோட்டார் சைக்கிளுக்குப் போர்வை. சொட்டுநீர்க் குழாயில் துணி காய்கிறது. தெளிப்பானில் மாட்டுக் கொட்டகைக்குப் பினாயில் அடிக்கிறார். எந்தத் திட்டம் எப்போது வருகிறது, எந்தத் தாளுக்கு எத்தனை நகல் வேண்டும் என்று அவரிடம் கேட்டால் போதும். கெட்டவர் இல்லை. அவசரத்துக்கு முதலில் ஓடிவருகிறவரும் அவர்தான். ஆனால் வயலில் என்ன விளையும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு வயலைக் காட்டி என்ன வாங்கலாம் என்று யோசிக்கிற பழக்கம் அவரிடமிருந்துதான் எங்கள் வாய்க்கால் முழுக்கத் தொற்றியது. எனக்கும் தொற்றியது. என் மனைவிக்கு மட்டும் தொற்றவில்லை.

ஒரு வருஷம் மானிய விதை நாற்றங்கால் விடும் பருவம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. மூட்டைக்குள்ளும் இரண்டு ரகம் கலந்து கிடந்தது. அதிலிருந்து அவள் அந்த வேளாண் ஆபீஸ் வாசலுக்குப் போவதில்லை. தன் வயலில் விளைந்ததிலேயே நல்ல கதிராகப் பார்த்து அறுத்து, தனியே அடித்து, காயவைத்து, மூடிபோட்ட ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் வைத்துவிடுவாள். ஒரு சம்பா ரகம் அது. அந்த அரிசியைத்தான் வருஷம் முழுக்க வீட்டில் சாப்பிட்டோம். டிரம் இருக்கிற மூலையில் எலி ஓடினால் அன்றைக்கு எங்களுக்குச் சோறு தாமதமாகும்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தது. நட்டு இருபது நாள் ஆன பயிர் முங்கிவிட்டது. எல்லார் வயலும் ஒரே ஏரி. அவள் மம்முட்டியை எடுத்துக்கொண்டு போய், வடக்கு மூலையில் வரப்பை வெட்டி, வடிகால் வாயில் அடைந்து கிடந்த ஆகாயத்தாமரையைக் கையால் இழுத்துப் போட்டுத் தண்ணீரை இறக்கினாள். அதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. மேட்டு மூலையில் கொஞ்சம் தப்பித்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் அக்கா வீடு இருக்கிறது. அங்கே ஒருவரிடம் நாற்று மிச்சம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு குட்டியானை வண்டி பிடித்து, நாற்றுக்கட்டின் மேலேயே உட்கார்ந்து வந்து இறங்கினாள். நாலு பெண்களைக் கூட்டி இரண்டே நாளில் மறு நடவு. நான் அப்போது பட்டறையில் கார்த்திகை விளக்குக்கு ஆர்டர் என்று லீவு கிடைக்காமல் இருந்தேன். லீவு கேட்கவும் இல்லை.

அதிகாரிகள் கணக்கெடுக்க வந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கு மட்டும் லீவு போட்டேன். வாய்க்கால் ஓரமாக எல்லாரும் கையில் அழுகின பயிரோடு வரிசையாக நின்றார்கள். என் கை சும்மா இருந்தது; எங்கள் வயலில் பிடுங்குவதற்கு அழுகினது இல்லை. பக்கத்து வயல்காரர் இரக்கப்பட்டுத் தன்னுடையதில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

வந்தவர் பெரியவர், ஓய்வு பெறுகிற வயது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வரப்பில் நடந்தார். எங்கள் வயல் வந்ததும் நின்றுவிட்டார். அது பச்சைப் பசேல் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. இதே வாய்க்கால், இதே மழை, இந்த வயல் மட்டும் எப்படித் தேறியது என்று கேட்டார். மறு நடவு என்று நான் மெதுவாகச் சொன்னேன். அப்படியென்றால் மற்றவர்களும் செய்திருக்கலாமே என்றார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம். வரிசை முழுவதற்கும் அதற்குக் கீழே என்று போட்டு, காரணம் என்ற இடத்தில் பராமரிப்புக் குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் கையில் இருந்த இரவல் பயிரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததுதான் கேவலம். மழையைத் திட்டவில்லை, எழுதிவிட்டுப் போனவரைத் திட்டவில்லை, தூர்வாரியதாகப் பலகை மட்டும் நட்டுவிட்டுப் போன வடிகாலைத் திட்டவில்லை. என் மனைவியைத் திட்டினார்கள். பெரிய உழைப்பாளி, ஊர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று பேச்சு. ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் தள்ளி நின்றாள். டீக்கடையில் என்னைப் பார்த்து, உங்க வூட்டு வயலுக்கு மூணு வாரம் பொறுக்க முடியலியா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவளிடம், உனக்கு எதிலும் அவசரம் என்று எரிந்து விழுந்தேன்.

அந்த வருஷம் மேட்டு மூலையில் தப்பித்ததை மட்டும் அவள் தனியாக அறுத்தாள். ஒரு நாற்றங்காலுக்குச் சரியாக இருக்கும் அளவுக்கு டிரம்மின் அடியில் விதை சேர்ந்தது. இரவல் நாற்றில் விளைந்த மற்றதை விற்றாள். அடுத்த நடவில் இதைப் பிழைக்க வைத்துவிட்டால் போதும், பிறகு கவலை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போன வருஷம் அந்த விதைதான் மொத்த வயலுக்கும் நாற்றாகப் போனது. மறுபடி ஐப்பசி, மறுபடி மழை. வயல் முங்கின அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் கூடிவிட்டார்கள். கூட்டம் என்று யாரும் கூப்பிடவில்லை. ஆனால் வரிசையில் நிலம் வைத்திருக்கிற அத்தனை பேரும் இருந்தார்கள். பக்கத்து வயல்காரர்தான் பேசினார். கணக்கெடுக்க வருகிறவரைக்கும் யாரும் வரப்பை வெட்டக் கூடாது, வாய்க்கால் முழுக்க ஒரே மாதிரி தண்ணீர் நிற்க வேண்டும், ஒருத்தர் வயல் பச்சையாக இருந்தால் எல்லாருக்கும் போச்சு. வியாழக்கிழமை வருகிறார்கள் என்று உறுதியான தகவல் இருக்கிறது என்றார். அன்றைக்குத் திங்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். எங்க வூட்டுல நான் பாத்துக்குறேன் என்று வாய் வேறு விட்டேன்.

என் மனசில் ஓடிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் முங்கினால் பயிர் மஞ்சளடிக்கும், செத்துப்போகாது. வியாழக்கிழமை அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் வரப்பை வெட்டினால் பிழைத்துக்கொள்ளும். நிவாரணமும் வரும், நெல்லும் வரும். இரண்டையும் சாப்பிடலாம். எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அவளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. "மூணு நாள் தாங்கும். நாலாவது நாள் தாங்காது. அவங்க வரலன்னா?" என்று கேட்டாள். வருவார்கள் என்றேன். வராவிட்டால் விதைக்கு எங்கே போவது என்றாள். மானியத்தில் கொடுக்கிறார்களே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் நேரே நினைக்க முடியவில்லை.

புதன்கிழமை காலையில் மம்முட்டி இருக்கிற இடத்தில் அவள் கை போவதைப் பார்த்தேன். நான் முந்திக்கொண்டேன். மம்முட்டியை எடுத்து வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டேன். அகல் விளக்கு செய்கிற இடத்துக்கு மம்முட்டியோடு போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கூட வேலை செய்கிறவர்கள், மண்ணை இனிமேல் இங்கேயே வெட்டி எடுக்கப் போகிறாயா என்று கேலி செய்தார்கள். அன்றைக்கு முழுக்க அது சுவரில் சாய்ந்து நின்றது. திரும்பி வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள்.

"ஊருல வேற மம்முட்டி இல்லன்னு நெனச்சீங்களா? கேட்டா பத்து பேரு குடுப்பாங்க. கையாலயே கூட வெட்டிடுவேன். ஆனா மம்முட்டிய எடுத்துக்கிட்டு ஓடுற அளவுக்கு ஆயிட்டீங்களேன்னுதான் வுட்டுட்டேன். நீங்களே பாத்துக்குங்க."

பத்துப் பேர் கொடுத்திருக்க மாட்டார்கள், அது அவளுக்கும் தெரியும். ஆனால் கையால் வெட்டியிருப்பாள். அதை நான் நம்புகிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது நிம்மதிதான். ஒழுங்காகச் சாப்பிட்டுப் படுத்தேன்.

வியாழக்கிழமை யாரும் வரவில்லை. மேலிடத்திலிருந்து பெரிய ஆட்கள் வேறு பக்கம் பார்வையிட வந்திருப்பதால் எல்லா அதிகாரியும் அங்கே போய்விட்டார்கள் என்றார்கள். சாலை ஓரமாக ஒரு வயலுக்குப் பந்தல் போட்டு, சிவப்புக் கம்பளம் மாதிரி ஒன்றை வரப்பில் விரித்து, சேதத்தைப் படமாக மாட்டி வைத்திருந்தார்களாம். நிஜச் சேதம் பத்தடியில் இருக்கும்போது படம் எதற்கு என்று எனக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை. சேற்றில் இறங்காமல் பார்க்கலாம் என்பதுதான் காரணமாக இருக்கும். எங்களுக்குச் சனிக்கிழமை என்றார்கள். சனிக்கிழமை லீவு என்று அப்புறம் தெரிந்தது. திங்கள் என்றார்கள்.

வெள்ளிக்கிழமையே வெட்டியிருக்கலாம். நான் நினைக்காமல் இல்லை. விடியற்காலையில் மம்முட்டியோடு வரப்பு வரைக்கும் போனேன். அங்கே பக்கத்து வயல்காரர் நின்றுகொண்டிருந்தார், அவர் வயலைப் பார்த்துக்கொண்டு. அவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார். நான், சும்மா பாக்க வந்தேன் என்றேன். அவர் வயலும் செத்துக்கொண்டுதான் இருந்தது. அவருக்கும் அது நன்றாகத் தெரியும். முதலில் வெட்டுகிறவன் யார் என்பதுதான் பிரச்சினை. ஒன்றரை ஏக்கர் பயிரைவிட டீக்கடைப் பேச்சு எனக்குப் பெரிதாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்றம் ஆரம்பித்தது. செத்த எலி நாற்றம் இல்லை, சாக்கடையும் இல்லை. புளித்த கஞ்சியில் முட்டை உடைத்து ஊற்றியது மாதிரி ஒன்று. காற்று அடித்தால் ஊர் வரைக்கும் வரும். பட்டறையில், சூளைக்குப் போகாத விளக்கு உடைந்தால் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவோம், மறுபடி மண்ணாகிவிடும். சூளையில் வெந்த பிறகு உடைந்தால் குப்பையில்தான் கொட்ட வேண்டும். தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு பயிரைத் தொட்டுப் பார்த்தேன். இழுக்காமலே கையோடு வந்தது. இனிமேல் வெட்டியும் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்போது எனக்குள் ஒரு குரல், பரவாயில்லை, நிவாரணமாவது முழுசாக வரும் என்று சொன்னது. அந்தக் குரல் வேறு யாருடையதும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

அவர்கள் ஒருவழியாக வந்தது புதன்கிழமை சாயங்காலம். இந்த முறை வந்தவள் சின்னப் பெண். அன்றைக்கு மட்டும் ஏழெட்டு ஊர் சுற்றியிருப்பாள் போல, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். வரிசை தயாராக நின்றது. பச்சை என்று ஒரு புள்ளி இல்லை. பக்கத்து வயல்காரர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது, பந்தியில் இலை எல்லாம் சரியாக விழுந்துவிட்டதா என்று பார்க்கிறவர் மாதிரி.

எங்கள் முறை வந்தபோது நான் பயிரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். பட்டா யார் பேரில் என்று அந்தப் பெண் கேட்டாள். மனைவி பேரில் என்றேன். அப்படியென்றால் அவர்தான் படத்தில் நிற்க வேண்டும், வயலில் நின்றால்தான் செல்லில் பதிவு ஏறும் என்றாள். வீட்டுக்கு ஓடினேன். வரமாட்டேன் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் புடவையைச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

நான் நீட்டிய பயிரை அவள் வாங்கவில்லை. நேராக வயலுக்குள் இறங்கி, மேட்டு மூலை வரைக்கும் போனாள். முந்தைய வருஷம் தப்பித்து விதை கொடுத்த மூலை. குனிந்து ஒரு பிடி எடுத்தாள். வேர் சேற்றிலேயே நின்றுவிட்டது, தாள் மட்டும் கையில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"இது மழையில சாவலீங்க. வரப்ப வெட்டியிருந்தா ஒரு நாள்ல வடிஞ்சிருக்கும். நீங்க வந்து பாக்கணும்னு சாவ வெச்சிருக்கோம்."

பக்கத்து வயல்காரர் தரையைப் பார்த்தார். எல்லாம் போச்சு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது; பயிரைச் சொல்லவில்லை, நிவாரணத்தைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அது காதில் விழாமல் இல்லை. செல்லைக் கொஞ்சம் இறக்கி, என் மனைவியையும் வயலையும் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண்ணில் ஏதோ வந்தது போலக்கூட இருந்தது. பிறகு திரையைத் தடவிவிட்டு மறுபடி செல்லைத் தூக்கினாள்.

"அதப் போட இதுல எடம் இல்லக்கா. வெளிச்சம் போவுது, கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

என் மனைவி தூக்கிப் பிடித்தாள். படம் எடுத்தாயிற்று. கரைக்கு ஏறி வந்து, கையில் இருந்ததை என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நான் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டே நடந்தேன்.

எங்கள் வரிசைக்கு முழுச் சேதம் என்று எழுதப்பட்டது. டீக்கடையில் எல்லாரும் என்னிடம் நன்றாகப் பேசினார்கள். உங்க வூட்டுக்காரம்மா பேசினதுக்கு நெஞ்சே நின்னுபோச்சு என்று பக்கத்து வயல்காரர் சொல்லிச் சிரித்தார், எனக்கு டீக்கும் அவரே காசு கொடுத்தார். அவள் டிரம்மைக் கழுவி, கொல்லையில் கவிழ்த்து வைத்தாள். அதில் இப்போது கோழி ஏறி உட்காருகிறது.

மாசியில், அறுவடை நேரத்தில், நிவாரணம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கிய அரிசி. அவள் செல்லில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். வங்கியிலிருந்து வந்த செய்தியை எழுத்துக்கூட்டி ஒரு முறை படித்தாள். பிறகு வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் செல்லை வைத்தாள்.

"வந்துடுச்சி. இந்தாங்க, உங்க வெள்ளாம" என்றாள்.